காட்டு ஆள் அரிசி

மேல் டிவிஷன் லயம்
பிரிஞ்சாங்
4 பிப்ரவரி 1952

கிராணித் தம்பி நாகப்பனுக்கு சீதா எழுதுவது.

சுகம் விசாரிக்க இது நேரமில்லை. என் தங்கை வேலாயியைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. நீங்கள் வந்தால்தான் அவள் வெளியே வருவாள்.

நீங்கள் பினாங்குக்குப் போன பதினெட்டாம் நாள், காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு முடிந்து நாங்கள் மேலே கொழுந்து எடுக்கப் போன பிறகு இரண்டு லோரி வந்ததாம். லயம் முழுக்கச் சோதனை போட்டுவிட்டு, கடைசியில் பிள்ளைகள் இருக்கும் ஆயக்கொட்டகைக்குள் நுழைந்திருக்கிறார்கள். பானைக்குப் பின்னால் இருந்த பிஸ்கட் டின்னைத் திறந்தால் அரிசி. அரிசிக்கு மேல் நீங்கள் எழுதி வைத்த தாள். வேலாயிதானே கொட்டகை ஆயா, அவளை ஏற்றிக்கொண்டார்கள். அவள் மகள் செல்லம் லோரிக்குப் பின்னாலேயே ஓடி, தண்ணீர்க் குழாய் பக்கத்தில் விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். அப்பன் இல்லாத பிள்ளை. மூன்று வயது. இப்போது என்னிடம் இருக்கிறது.

அந்த அரிசி எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் என் ஆத்திரம் அடங்கும். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடும் என்று சொல்லி ஆளுக்கு அளந்துதான் அரிசி என்றார்கள். கம்பிவேலிக்கு வெளியே ஒரு பருக்கை போகக்கூடாது என்றார்கள். அந்தச் சாக்கில் தோட்டத்துத் துரை, பிள்ளைகளுக்குக் கொட்டகையில் ஊற்றிய கஞ்சியையும் நிறுத்தினார். தேயிலைப் பட்டறையில் வேலை செய்யும் தாய் மத்தியானம் ஓடிவந்து பிள்ளைக்கு ஊட்டிவிட்டுப் போகலாம். மேலே கொழுந்துக் காட்டில் நிற்கிறவள் பொழுது சாய்ந்துதான் இறங்குவாள். அவள் பிள்ளை அதுவரை அழுதுகொண்டிருக்க வேண்டும். "சங்கத்தைத் தடை பண்ணிட்டான், கஞ்சிக்குமா தடை? கமிட்டி போடுங்கக்கா" என்று சொன்னது யார்? நீங்கள்தான். பதினான்கு வீட்டுப் பெண்கள் உலை வைக்கும்போது ஆளுக்கு ஒரு பிடி எடுத்து ஒதுக்கினோம். எங்கள் வாய்க்குப் போக வேண்டியது பிள்ளைகள் வாய்க்குப் போயிற்று, அவ்வளவுதான்.

எல்லாம் ஒழுங்காக நடக்க வேண்டும் என்று நீங்கள் ஒரு தாள் எடுத்து, மேலே பெரிதாக எழுதினீர்களே, "காட்டு ஆள் அரிசி" என்று. செக்ரோல் சம்பளப் புத்தகத்தில் காட்டு ஆள், பட்டறை ஆள் என்று பிரித்து எழுதிப் பழகிய கை. நமக்குக் காடு என்றால் கொழுந்து எடுக்கும் வேலைக்காடு. போலீஸ் கூட்டி வந்த மொழிபெயர்ப்பாளர் டவுன் மனிதர். காட்டில் ஒளிந்திருக்கும் ஆட்களுக்குச் சேர்த்த அரிசி என்று துரைமாருக்குச் சொல்லிவிட்டார். கொட்டகைக்குள் அத்தனை பிள்ளைகள் உட்கார்ந்திருக்க, அப்படிச் சொல்லிவிட்டார்.

மார்ச் மூன்றாம் தேதி தாப்பாவில் விசாரணை. எழுதியவன் நான், அந்த வார்த்தைக்கு அர்த்தம் இது என்று நீங்கள் நின்று சொல்ல வேண்டும். நாங்கள் சொன்னால் கூலிக்காரிகள் ஒருத்திக்காக ஒருத்தி பொய் சொல்கிறார்கள் என்பார்கள். நீங்கள் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதிய கிராணி. இங்கிலீஷ் தெரியும்.

இந்தக் கடிதத்தைப் பிரிஞ்சாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் நூர்தீன் பாய் தன் கடைத் தபாலோடு சேர்த்து அனுப்புகிறார். பதிலை அவர் பெயருக்கே போடுங்கள்.

சீதா


பினாங்கு
12 பிப்ரவரி 1952

மதிப்பிற்குரிய சீதா அக்காவுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. மேற்படி சம்பவம் அறிந்து மிகவும் வருந்தினேன். வேலாயிக்கு ஒரு தீங்கும் வராது என்று திடமாக நம்புகிறேன். விசாரணை என்று ஒன்று வைத்திருப்பதே நல்ல அடையாளம்.

நிதானமாக யோசித்துப் பார்த்தேன். அந்த வார்த்தைக்கு விளக்கம் சொல்லப் பெரிய கிராணி சுப்பிரமணியம் ஐயாதான் தகுந்தவர். செக்ரோல் அவர் பொறுப்பில் இருப்பது. அதைக் கொண்டுபோய்க் காட்டினால், காட்டு ஆள் என்பது முப்பது வருஷமாகத் தோட்டத்தில் புழங்கும் சொல் என்று எவருக்கும் விளங்கிவிடும். துரைக்கும் ஒரு மனு எழுதிக் கொடுங்கள். மாதிரி ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன், அப்படியே பார்த்து எழுதினால் போதும்.

நான் வருவதில் சில சங்கடங்கள் இருக்கின்றன. இங்கே துறைமுகக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, விடுப்புக் கேட்க முடியாது. தொழிற்சங்கம் இருந்த காலத்தில் நான் பேசிய பேச்செல்லாம் அங்கே டவுன் ஸ்டேஷனில் எழுதி வைத்திருப்பார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். நான் வந்து நின்றால் வேலாயியின் கேஸ் இன்னும் கெட்டுப்போகும். அவளுடைய நன்மைக்காகத்தான் சொல்கிறேன்.

என் பெயரை எங்கும் சொல்ல வேண்டாம். இதை வாசித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

தங்கள் அன்புள்ள
நாகப்பன்


மேல் டிவிஷன்
18 பிப்ரவரி 1952

நாகப்பா,

இனி உன்னை நீங்கள் என்று எழுத மாட்டேன். அந்த மரியாதை கிராணிக்குக் கொடுத்தது. நீ இப்போது கிடங்குக்காரன்.

உன் கடிதத்தைக் கமிட்டிப் பெண்களுக்கு வாசித்துக் காட்டினேன். "மேற்படி சம்பவமா? அவளுக்கு வேலாயின்னு பேரு இருக்குலா" என்றாள் லத்தீஃபா. அடுப்பில் போடச் சொன்னாயே, போடவில்லை. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நீ சொன்னபடியே செய்தோம். பெரிய கிராணி வீட்டு வாசலில் பதினான்கு பேரும் போய் நின்றோம். "எனக்கும் பிள்ள குட்டி இருக்கும்மா. செக்ரோல் கம்பெனி சொத்து, அத வெளிய எடுத்துட்டுப் போக முடியாது" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். உன் மாதிரியைப் பார்த்து மனு எழுதி, கையெழுத்துப் போடத் தெரிந்த ஆறு பேர் கையெழுத்தும் மற்றவர்கள் கைநாட்டும் வைத்துத் துரையிடம் கொடுத்தோம். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இது போலீஸ் விவகாரமாம். கூட்டமாக வந்து நின்றதற்கு இந்த ஒரு தடவை மன்னிப்பாம். கஞ்சி கேட்டவளுக்கு மன்னிப்பு, பார்த்தாயா.

நூர்தீன் பாய் மட்டும்தான் தயக்கமில்லாமல் பேசினார். "நான் வந்து சொல்றேம்மா. அந்தப் புள்ளைங்க கஞ்சிக்கு உப்பும் வெங்காயமும் என் கடையிலேருந்துதான் போச்சு. காட்டுல துப்பாக்கி வச்சிருக்கவனா வெங்காயம் வாங்கினான்?" என்றார். அரிசி கேஸில் கடைக்காரர் வாயைத் திறந்தால் கடை நடத்தும் பாஸ் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். அவர் மனைவி சஃபியாவுக்கும் தெரியும். ஆனால் அவர் டவுன்காரர், தோட்டப் பேச்சைப் பற்றி அவர் சொல்வது எடுபடாது என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

உனக்குப் பயம் என்று எழுதியிருந்தால் எனக்கு இத்தனை ஆத்திரம் வந்திருக்காது. பயம் எனக்கும் இருக்கிறது. வேலி வாசலில் ஒரு மாத்தா, போலீஸ்காரன், நின்று என் மாரைத் தடவித்தான் தினமும் காட்டுக்கு விடுகிறான், உள்ளே அரிசி வைத்திருக்கிறேனா என்று. அவள் நன்மைக்காகத்தான் வராமல் இருக்கிறேன் என்று எழுதினாயே, அதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை.

செல்லம் ராத்திரியில் தூங்குவதில்லை. சாப்பிடவும் மாட்டேன் என்கிறாள். கெஞ்சிக் கேட்கிறேன், தம்பி. காலில் விழச் சொன்னால் விழுகிறேன். ஒரே ஒரு நாள் வா.

சீதா


பினாங்கு
26 பிப்ரவரி 1952

அக்கா,

நீங்கள் திட்டியது நியாயம். ஒரு பொய்யை முதலில் எடுத்துவிடுகிறேன். நல்ல வேலை கிடைத்துப் போகிறேன் என்று உங்களிடம் சொன்னது நிஜமில்லை. ஜனவரியில் ஒரு நாள் பெரிய கிராணி என்னை ஆபீசுக்குப் பின்னால் கூப்பிட்டு, "உன் பேரு டவுன் ஸ்டேஷன்ல அடிபடுது, இடத்த காலி பண்ணு" என்றார். மறுநாளே கிளம்பிவிட்டேன். கொட்டகையில் அந்தத் தாள் இருப்பது எனக்கு நினைவு இருந்தது, அக்கா. போய் எடுக்கலாம் என்றும் நினைத்தேன். போகும் வழியில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று திரும்பி நடந்துவிட்டேன். ஐம்பது அடி தூரம்கூட இருக்காது.

இங்கே என் கிடங்கு ஜன்னலுக்கு நேராகத்தான் கப்பலைக் கட்டி நிறுத்தும் இடம். நாடு கடத்தப்படுகிறவர்களை அங்கேதான் கொண்டுவந்து உட்கார வைக்கிறார்கள். நம் ஆட்கள்தான். மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு வெயிலில் காத்திருப்பார்கள். ஒருவர் முகத்தைப் பார்த்துவிட்டு நான் ஜன்னலைச் சாத்திவிட்டேன், தெரிந்த முகம் போல இருந்தது. இப்போது எப்போதும் சாத்தியே வைக்கிறேன்.

என்னால் வர முடியவில்லை. கால் வரவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சும்மா இருக்கவில்லை. விசாரணைக் குழுவுக்கு இங்கிலீஷில் ஒரு முழு வாக்குமூலம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். வார்த்தைக்கு அர்த்தம், கஞ்சி நிறுத்தியது, பிடி அரிசி எடுத்தது, எல்லாம் இருக்கிறது. விசாரித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று பதினான்கு பேரின் பெயரையும் வீட்டு நம்பரோடு வரிசையாகக் கொடுத்திருக்கிறேன். அத்தனை சாட்சி இருந்தால் தள்ளிவிட முடியாது. என் கையெழுத்தும் கீழே இருக்கிறது.

இது போதும் என்று நினைக்கிறேன். போதும் என்று நீங்களும் எழுதுங்கள்.

நாகப்பன்


மேல் டிவிஷன்
9 மார்ச் 1952

நாகப்பா,

போதவில்லை.

விசாரணைக்கு என்னையும் நூர்தீன் பாயையும் மட்டும் விட்டார்கள். உன் வாக்குமூலத்தை வாசித்தார்கள். நடுவில் உட்கார்ந்திருந்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இந்த மனிதர் எங்கே?" எழுதியவன் வரப் பயப்படுகிறான் என்றால் எழுதியதில் என்ன இருக்கிறது என்று எடுத்து ஓரமாக வைத்துவிட்டார். பாய் வெங்காயக் கதையைச் சொன்னார். மறுநாளே அவர் கடைப் பாஸை வாங்கிக்கொண்டார்கள், பிரிஞ்சாங்கைவிட்டு வெளியே போகவும் தடை.

உன் வாக்குமூலத்தை ஓரமாக வைத்தார்களே தவிர, அதில் இருந்த பெயர்களை ஓரமாக வைக்கவில்லை. மறுநாள் பெரட்டில் வேலை மேற்பார்க்கும் மண்டோர் சின்னையா பதினான்கு பெயரையும் கூப்பிட்டார். நீ எழுதிய அதே வரிசையில், வீட்டு நம்பரோடு. பதினான்கு பேரின் அரிசிக் கார்டையும் பறித்துக்கொண்டார்கள். ஐந்து நாளாக மற்ற வீட்டு ஆட்கள் வடிக்கிற கஞ்சித் தண்ணீரில்தான் எங்கள் பிள்ளைகள் உயிரோடு இருக்கின்றன. அடுத்துப் பிடிப்பது எங்களைத்தான் என்று பேச்சு. உன் கையில் பேனாவைக் கொடுத்தவனைச் சொல்ல வேண்டும். உதவி செய்வதற்கும் பட்டியல்தான் போடத் தெரியுமா உனக்கு?

வேலாயியை நாடு கடத்த உத்தரவு வந்துவிட்டது. மார்ச் 22, பினாங்கில் கப்பல். எந்த ஊர் என்று கேட்டார்களாம். மூணாம் நம்பர் லயம் என்று சொல்லியிருக்கிறாள். அவள் பிறந்தது அங்கேதானே. எங்கள் அப்பா பேருக்குப் பக்கத்தில் இந்தியாவில் ஏதோ ஒரு ஊரை அவர்களாகவே எழுதிக்கொண்டார்கள். அவள் கப்பலையே பார்த்ததில்லை.

இப்போது கவனமாக வாசி. பிள்ளையை அவளோடு அனுப்பலாம் என்று அனுமதி கொடுத்திருக்கிறார்கள். வேலாயி அதைத்தான் கேட்டாள், வேறு ஒன்றும் கேட்கவில்லை. கப்பலடிக்குக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். தாயைத் தெரிந்த, இங்கிலீஷில் எழுதத் தெரிந்த ஒருவர் அனுமதிப் பாரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். எனக்குத் தோட்டத்தைவிட்டு வெளியே போகப் பாஸ் இல்லை. பாய்க்கும் இல்லை. சஃபியா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லோரியில் தாப்பா வந்து, ரயில் ஏறி வருவாள். கையெழுத்துக்கு உன்னைவிட்டால் ஆள் இல்லை.

உன்னை யாரும் சாட்சி கேட்கவில்லை. ஒன்றும் பேச வேண்டாம். தாயை எப்படித் தெரியும் என்று கேட்டால் ஒரே தோட்டம் என்று எழுது, கையெழுத்துப் போடு, பிள்ளையை அவள் கையில் கொடு, போ. அந்த ஜன்னலைத் திறந்து இறங்கி வந்தால் போதும்.

சீதா


பினாங்கு, போலீஸ் காவல்
25 மார்ச் 1952

சீதா அக்காவுக்கு,

இதை அவர்கள் வாசித்த பிறகுதான் உங்களுக்கு வரும். பரவாயில்லை. மறைக்க ஒன்றும் மிச்சமில்லை.

சஃபியா அக்கா சொல்லியிருப்பார்கள். ஆனால் அவர்கள் வெளியே நின்றார்கள், உள்ளே நடந்தது தெரியாது. நான் சொல்ல வேண்டும்.

காலை பத்து மணிக்கே போய்விட்டேன். பயமில்லை, அக்கா, சத்தியமாக அன்று பயமே இல்லை. செல்லம் என்னை அடையாளம் தெரிந்துகொண்டு "கெராணி மாமா" என்றாள். அவளைச் சஃபியா அக்காவோடு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு ஷெட்டுக்குள் போனேன். கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வேலாயி இருந்தாள். மெலிந்துபோயிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் அப்படி மலர்ந்தது. பிள்ளை வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பாரத்தைக் கொடுத்தார்கள். என் பெயரை எழுதினேன். தாயை எப்படித் தெரியும் என்ற இடத்துக்கு வந்தேன். ஒரே தோட்டம் என்று எழுத வேண்டும். பேனாவை வைத்தேன், எழுத முடியவில்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அதை மட்டும் எழுதுவது என்னால் ஆகவில்லை. பெரிய அதிகாரி ஒருவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். இவ்வளவு பக்கத்தில் நிற்கிறாரே, நான் ஆளாக நின்று சொன்னால் அவளைக் கப்பலில் ஏற்றாமலே நிறுத்திவிடலாமே, தாயும் பிள்ளையும் சேர்ந்து மலைக்கே திரும்பிவிடலாமே என்று தோன்றிவிட்டது. "அந்தத் தாளை எழுதியவன் நான்" என்று சொல்லிவிட்டேன்.

உடனே என்னை வேறு அறைக்குக் கூட்டிப் போனார்கள். மரியாதையாகத்தான் நடத்தினார்கள். நாற்காலி போட்டார்கள், வேறு மொழிபெயர்ப்பாளர் வந்தார். நல்ல மனிதர், தோட்டத்தில் இருந்தவராம், காட்டு ஆள் என்றதும் சிரித்துவிட்டார். ஒவ்வொரு வரியாக நிதானமாக எழுதினார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அக்கா. வெட்கமில்லாமல் சொல்கிறேன், எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நெஞ்சு லேசாக இருந்தது. கப்பலை நிறுத்தச் சொல்லியிருப்பார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான்கு மணிக்குக் கப்பல் புறப்படும் சங்கு ஊதியது. நான் எழுந்தேன். உட்காரச் சொன்னார்கள். "புள்ள வெளிய இருக்கு, பாரத்துல கையெழுத்து இன்னும் போடல" என்றேன். அது வேறு இலாகா என்றார்கள். பாரம் ஷெட்டு மேசையிலேயே பாதி எழுதிக் கிடந்திருக்கிறது. சஃபியா அக்கா அங்கே நின்ற குமாஸ்தாவிடம் கதறியிருக்கிறார். கையெழுத்து யார் போடுவது என்று குமாஸ்தா கேட்டிருக்கிறார்.

வாயைத் திறக்க வேண்டிய நாளில் திறக்கவில்லை. மூடிக்கொள் என்று நீங்கள் சொன்ன ஒரு நாளில் திறந்தேன். என்னை மன்னிக்க வேண்டாம். வேலாயி என்ன நினைத்திருப்பாள் என்று மட்டும் சொல்லுங்கள். நான் மறுபடியும் ஓடிவிட்டேன் என்று நினைத்திருப்பாளா?

நாகப்பன்


மேல் டிவிஷன்
6 ஏப்ரல் 1952

நாகப்பனுக்கு,

இதையும் ஐயாமார்கள் வாசிப்பார்கள். வாசிக்கட்டும்.

சஃபியா பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள். வழி முழுக்க அழாமல் வந்ததாம். லயத்துக்கு வந்து, வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, அம்மா இல்லை என்று தெரிந்த பிறகுதான் அழுதது.

போன வியாழக்கிழமை இங்கே இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். பினாங்கில் நீ கொடுத்த வாக்குமூலத்தைப் பெரட்டில் வைத்துத் தமிழில் வாசித்தார்கள். காட்டு ஆள் என்றால் கொழுந்து எடுக்கும் ஆள் என்று அரசாங்கத்துக்கு இப்போது தெரிந்துவிட்டதாம். பதினான்கு பேருக்கும் அரிசிக் கார்டு திரும்ப வந்துவிட்டது. கொட்டகையில் கஞ்சி காய்ச்சலாம், தோட்டமே அரிசி கொடுக்கும் என்று துரை சொன்னார். நாம் கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது, நாகப்பா. அன்று எல்லா வீட்டிலும் சோறு பொங்கியது. எனக்கு அடுப்பைப் பற்றவைக்க மனம் வரவில்லை. லத்தீஃபாதான் வந்து பிள்ளைக்கு ஊட்டிவிட்டுப் போனாள்.

உன்னை என்ன செய்யப் போகிறார்கள் என்று கேட்டேன். சொல்லவில்லை. நீ கேட்டாயே. வேலாயி என்ன நினைத்தாள் என்று அவளுக்குத்தான் தெரியும். உன்னைத் திட்ட நினைத்து உட்கார்ந்தேன், திட்டும் வரவில்லை. நீ நின்று ஒப்புக்கொண்டதால்தான் எங்கள் கார்டு திரும்ப வந்தது என்பதும் உண்மைதானே.

வேலாயி மேல் போட்ட உத்தரவு தவறு என்று ஒத்துக்கொண்டார்கள். அவள் திரும்பி வர மனுப் போடலாமாம். ஆனால் அவளேதான் போட வேண்டும், அவள் ஊரிலிருந்து போட வேண்டும். அவளை எந்த ஊரில் இறக்கினீர்கள் என்று கேட்டேன். அதிகாரி பைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒங்க ஊருதானேம்மா, ஒங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

எங்கள் ஊர் இதுதான் என்று சொன்னேன். அதை அவர் எழுதிக்கொள்ளவில்லை.

சீதா